அலாரம் அடித்தால் எழுந்து போவது யார்?

கருவிப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

சூடு வரம்பு மீறினால் போனுக்குச் சொல்லும், சிம் கார்டு போட்ட கண்காணிப்புப் பெட்டியை வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற மாதம் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குள் பலர் வாங்கியே விட்டீர்கள். "வாங்கிவிட்டோம், அலாரத்தை எப்படி வைப்பது?" என்றுதான் இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் கேட்கின்றன. பால் பண்ணையில் 26 வருஷம் கருவி மெக்கானிக்காக இருந்து, இப்போது காட்பாடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெர்மாமீட்டர் பழுது பார்க்கிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

கேள்வி: எங்கள் சங்கத்தில் 1,000 லிட்டர் பால் குளிர்விப்புத் தொட்டி இருக்கிறது. தை மாதம் கண்காணிப்புப் பெட்டி பொருத்தினோம். 5 டிகிரிக்கு மேல் போனால் அலாரம் என்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காலையும் மாலையும் பால் ஊற்றும் போதெல்லாம் அலறுகிறது. தொல்லை தாங்காமல் சைரன் வயரைக் கழற்றிவிட்டோம். சித்திரையில் ஒரு ராத்திரி கம்ப்ரசர் நின்றுபோய், விடிந்து பார்த்தால் பால் திரிந்திருந்தது. எத்தனை டிகிரியில் வைப்பது, அம்மா?
– பால் சங்கச் செயலாளர், குடியாத்தம் வட்டாரம்

பதில்: எத்தனை டிகிரி என்பது பிறகு. ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்தால் யார் எழுந்து போவார், அவர் வீட்டிலிருந்து சங்கத்துக்கு எத்தனை நிமிஷம், போய் என்ன செய்வார்? இந்த மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஜெனரேட்டரைப் போடத் தெரிந்தவரா, அல்லது கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்கிறவரா? மெக்கானிக் குடியாத்தத்தில் இருக்கிறாரா, வேலூரிலிருந்து வர வேண்டுமா? டிகிரி இந்தத் தாளிலிருந்துதான் வரும்.

பெட்டியை வைத்தவர் 5 என்று வைத்ததில் குற்றம் இல்லை. பால் 4 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒன்று கூட்டி வைத்திருக்கிறார். ஆனால் அவர் தொட்டியை நினைத்தாரே தவிர, அதில் பால் ஊற்றுவதை நினைக்கவில்லை. கணக்கு எளிது. தொட்டியில் 600 லிட்டர் 4 டிகிரியில் இருக்கிறது. கறந்த சூட்டோடு, 34 டிகிரி என்று வையுங்கள், 100 லிட்டர் ஊற்றுகிறீர்கள். கலந்த பால் 8 டிகிரியைத் தாண்டிவிடும். அது பழுது அல்ல, அன்றாட வேலை. அன்றாட வேலைக்கெல்லாம் அலறுகிற அலாரத்தின் வயரை யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள். அதற்காக உங்கள் ஆட்களைத் திட்டாதீர்கள்.

உங்கள் பெட்டியில் நேரம் பிரித்து வைக்கும் வசதி இருந்தால், பால் ஊற்றும் நேரத்துக்கு ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு அலாரம் வையுங்கள். ஊற்றும் நேரத்தில் டிகிரியைப் பார்க்க வேண்டாம். ஊற்றி முடித்து 3 மணி நேரம் ஆகியும் 5க்குக் கீழே இறங்கவில்லையா என்று மட்டும் பார்க்கட்டும். மற்ற நேரத்தில் 6 டிகிரிக்கு மேல் போய் 20 நிமிஷம் அப்படியே நின்றால் அடிக்கட்டும். அடித்த அலாரம் தானாக அடங்கும் எண்ணையும் 6 என்றே வைத்துவிடாதீர்கள், 5 என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் 5.9, 6.1, 5.9 என்று ஊசலாடி விடிவதற்குள் உங்கள் போனில் நாற்பது செய்தி கிடக்கும்.

20 நிமிஷம் என்று நான் சொன்னது என் கைக் கணக்கு. உங்கள் தொட்டிக்கு நீங்களே ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். தண்ணீரை நிரப்பி 4 டிகிரிக்கு இறக்குங்கள். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை டிகிரியை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இதை மார்கழியில் செய்து திருப்திப்படாதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் செய்யுங்கள். வேலூர் வெயில் என்ன என்பது தொட்டிக்கும் தெரியட்டும். பாதித் தொட்டிக்கு ஒரு முறை, முழுத் தொட்டிக்கு ஒரு முறை செய்வது நல்லது. குறைவாக இருக்கும் பால் சீக்கிரம் சூடேறும். 8 டிகிரிக்கு ஏற எடுத்துக்கொண்ட நேரத்தில், ஆள் வந்து சேர்ந்து ஜெனரேட்டர் ஓடும் வரையான நேரத்தைக் கழியுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் அலாரத்துக்குத் தாமதம் வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று, டிகிரியைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். பாலின் சூடு ஏறுவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்பே மின்சாரம் போயிருக்கும், அல்லது கம்ப்ரசர் நின்றிருக்கும். அதையே பெட்டி சொன்னால் உங்களுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம். ஆனால் பெட்டியின் பிளக்கை எங்கே சொருகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபேஸில் இருக்கும். நம் ஊர்ப்பக்கம் மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போவது சாதாரணம். பெட்டிக்கு வரும் ஃபேஸ் உயிரோடு இருக்கும், கம்ப்ரசர் நின்றிருக்கும், பெட்டியோ "மின்சாரம் உண்டு" என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான காண்டாக்டரின் துணைத் தொடுமுனையிலிருந்து ஒரு ஜோடி வயர் இழுத்துப் பெட்டியில் கொடுங்கள். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அது நேரடியாகச் சொல்லும். குளிர்ந்த தொட்டியில் கம்ப்ரசர் தானாகவே ஓய்வெடுக்கும் என்பதால், "நின்றுவிட்டது, பாலும் 5க்கு மேல்" என்று இரண்டும் சேர்ந்தால் மட்டும் அடிக்கும்படி வைக்கலாம். மூன்று ஃபேஸையும் பார்க்கும் சின்ன ரிலே ஒன்றையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வயர் என்றதும் என் பழைய பாவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குளிர் அறைக்கு நானே சைரன் கட்டினேன். ஆபத்து வந்தால் தொடுமுனை மூடி, மின்சாரம் பாய்ந்து, சைரன் ஊதும்படி கட்டியிருந்தேன். எலி வயரைக் கடித்துவிட்டது. ஆபத்து வந்தது, தொடுமுனை ஒழுங்காக மூடியது, சைரன் மட்டும் ஊதவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் என்னைத் திட்டவே இல்லை. கடித்த வயரை எடுத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தலைகீழாகத்தான் கட்டுகிறேன். எல்லாம் நன்றாக இருக்கும்போது தொடுமுனை மூடியிருக்க வேண்டும், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபத்து வந்தாலும் அறும், எலி கடித்தாலும் அறும். அறுந்தால் ஊதும். வயர் அறுந்ததற்கு ஊதிவிட்டுப் போகட்டும், தூக்கம்தானே கெடும்.

வேலூரைப் பற்றித் தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் ஊதாத அலாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். கழற்றிய சைரன் வயரை இன்றைக்கே மாட்டுங்கள்.

*

கேள்வி: எங்கள் மருந்துக் கடையில் தடுப்பூசியும் இன்சுலினும் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு 2 முதல் 8 டிகிரி வரை என்று அலாரம் வைத்திருக்கிறோம். கதவைத் திறந்தாலே அடிக்கிறது. மேல் வரம்பை 12 ஆக்கிவிடலாமா?
– மருந்தாளுநர், வேலூர்

பதில்: ஆக்காதீர்கள். எண் சரியாகத்தான் இருக்கிறது, சென்சார் இருக்கும் இடம்தான் தப்பு. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்றுத்தான் முதலில் மாறும். குப்பிக்குள் இருக்கும் மருந்து அத்தனை சீக்கிரம் மாறாது. உங்கள் சென்சார் காற்றை அளக்கிறது, உங்களுக்கு வேண்டியதோ மருந்தின் சூடு. சின்ன மருந்துக் குப்பி ஒன்றில் கிளிசரினை ஊற்றி, மூடியில் துளை போட்டு, சென்சாரின் நுனியை அதில் முக்கி, மருந்துகளுக்கு நடுவில் வையுங்கள். கதவில் வேண்டாம், உறைபனித் தட்டின் அடியிலும் வேண்டாம். பாதிச் சத்தம் அன்றைக்கே அடங்கிவிடும். மேல் வரம்பு அலாரத்துக்கு 15 நிமிஷம் தாமதம் கொடுத்தால் மீதியும் அடங்கும்.

நீங்கள் கீழ் வரம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். தடுப்பூசிக் கிடங்குகளில் வைக்கும் பதிவுக் கருவிகளில் வழக்கமாக இருக்கும் அலாரக் கணக்கைக் கேளுங்கள்: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனால் அலாரம், மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே 60 நிமிஷம் இருந்தாலே அலாரம். மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி, கக்குவான், ரணஜன்னி தடுப்பூசிகள் ஒரு முறை உறைந்தால் போனதுதான், பிறகு உருகினாலும் பயன் இல்லை. இன்சுலினும் அப்படியே. சூடு பட்ட மருந்தையாவது சந்தேகப்படுகிறோம். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஆகவே 2 டிகிரி அலாரத்துக்குத் தாமதத்தைக் குறைத்து வையுங்கள், 5 நிமிஷம் போதும்.

*

கேள்வி: பாட்டியின் கோழிக்குஞ்சுக் கூண்டுக்கு நானே ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்தேன். சூட்டை அளக்க டிஎஸ்18பி20 என்ற சென்சார். திடீர் திடீரென்று 85 டிகிரி என்று காட்டி அலாரம் அடிக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் குஞ்சுகள் நன்றாகத்தான் இருக்கின்றன.
– பாலிடெக்னிக் மாணவர், திருப்பத்தூர்

பதில்: தம்பி, 85 டிகிரியில் குஞ்சு இருக்காது, குழம்புதான் இருக்கும். அது சூடு அல்ல. அந்த சென்சார் மின்சாரம் வந்து கண் விழித்ததும், எதையும் அளப்பதற்கு முன்பு கையில் வைத்திருக்கும் எண் 85. அளக்கச் சொல்லிவிட்டு முழுசாக 750 மில்லி விநாடி காத்திருக்காமல் படித்தாலும், இணைப்புத் தளர்ந்து மின்சாரம் ஒரு கணம் வந்து போனாலும் அதைத்தான் கொடுக்கும். மைனஸ் 127 என்று வந்தால் வயரே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். 4.7 கிலோ ஓம் மின்தடையைச் சரியாகப் போட்டிருக்கிறாயா என்று பார். வயர் நீளமாக இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். இந்த இரண்டு எண்களையும் "சூடு" கணக்கில் சேர்க்காமல் "சென்சார் பழுது" என்று தனி அலாரமாகப் பிரித்துவிடு. தூக்கிப் போட்டுவிடாதே, பழுதான சென்சாரும் ஒரு செய்திதான். முதல் வாரக் குஞ்சுக்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும், வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். அலாரத்தின் எண்ணையும் வாராவாரம் குறைக்க மறந்துவிடாதே. எண்ணைவிடப் பாட்டியைக் கேள். குஞ்சுகள் விளக்கடியில் ஒண்டினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு என்று சென்சார் இல்லாமலே சொல்வார்.

*

கேள்வி: 5 குதிரைத்திறன் போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்த ஓர் எண் வைக்கச் சொல்கிறது. கடைக்காரர் 5 என்று வைத்தார். சில நாள் தண்ணீர் நன்றாக வரும்போதே நிறுத்திவிடுகிறது.
– விவசாயி, போளூர்

பதில்: ஐயா, அந்த 5 ஆம்பியர். தண்ணீரைத் தூக்கும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காற்றை இழுக்கும்போது குறைவாக இழுக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஸ்டார்ட்டர் கண்டுபிடிக்கிறது. உங்கள் மோட்டாரின் எண் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, தண்ணீர் முழுசாக வரும்போது ஒரு முறை, போர் வற்றிக் காற்றுக் கொப்பளிக்கும்போது ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். பகலில் ஒரு முறை, ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது ஒரு முறை அளக்க வேண்டும். வோல்டேஜ் மாறினால் ஆம்பியரும் மாறும். சில நாள் மட்டும் நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நின்ற பிறகு மறுபடி தானாக ஓட எத்தனை நிமிஷம் என்றும் ஓர் இடம் இருக்கும். அது போரில் தண்ணீர் ஊறும் நேரம். பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு வைக்காதீர்கள், அவர் போர் வேறு, உங்கள் போர் வேறு.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் "ஆட்டோ"வில் இருக்கும்போது மோட்டார் நின்றிருக்கிறதே என்று மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் அதுவாக ஓடும். வீட்டில் பேரன் போனில் பட்டனை அழுத்தினாலும் ஓடும். மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் தொட வேண்டும்.

*

கேள்வி: தோல் பதனிடும் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பகுதி மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொட்டிக்கருகில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் வைத்து, என் போனுக்கு அலாரம் வரும்படி செய்திருக்கிறார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. எத்தனை பி.பி.எம்.மில் வைக்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: பி.பி.எம். என்பது காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு எத்தனை பங்கு என்ற கணக்கு. 10இல் முதல் அலாரம், 15இல் இரண்டாவது என்று வைப்பது வழக்கம். ஆனால் உங்கள் கடிதத்தில் எண்ணைத் தவிர எல்லாமே எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் சென்சாருக்கு அது எட்டும்போது குனிந்து வேலை செய்கிறவர் விழுந்திருப்பார். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்குங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரியாதா என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் மோசமான நேரம்.

அலாரம் உங்கள் போனுக்கு வந்து என்ன பயன்? தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் காதில் ஊத வேண்டும், கண்ணில் விளக்கு சுழல வேண்டும். போன் அதற்கு அப்புறம். பால் சங்கத்துக்காரருக்கு ஒரு மணி நேரக் கணக்கு சொன்னேன். இங்கே தாமதம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். தானாக அடங்கவும் விடாதீர்கள், ஒருவர் வந்து பட்டனை அழுத்தும் வரை ஊதட்டும்.

வாயு எப்போது கிளம்பும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் சல்ஃபைடு இருக்கிறது. அதில் அமிலத் தண்ணீர் கலந்தால் வாயுவாகக் கிளம்புகிறது. ஆகவே கலக்கும் இடத்தில் தண்ணீர் காரமா அமிலமா என்று காட்டும் பி.எச். சென்சார் ஒன்று வைத்து, காரம் குறைய ஆரம்பித்ததுமே அலாரம் வரும்படி வையுங்கள். வாயு வருவதற்கு முன்பே தெரியும்.

வாயு சென்சாரின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு வருஷம். செத்துப்போன சென்சார் பூஜ்யம் என்றுதான் காட்டும், பூஜ்யத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. சோதனை வாயுவை ஊதி அது அலறுகிறதா என்று ஒழுங்காகப் பார்த்துத் தேதியை எழுதி வையுங்கள். எத்தனை சென்சார் இருந்தாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரும் விழுவார். இப்படித்தான் இரண்டு பேர், மூன்று பேர் என்று போகிறார்கள்.

தொட்டியின் மட்டத்துக்கும் ஒரு சென்சார் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

*

கேள்வி: என் குளிர் அறைப் பெட்டி ராத்திரி செய்தி அனுப்பினால் எனக்கு விழிப்பு வருவதில்லை. முதல் எண் என்னுடையது, இரண்டாவது எண் என் மனைவியுடையது. வேறு என்ன செய்யலாம்?
– ஐஸ்கிரீம் வியாபாரி, ஆற்காடு

பதில்: செய்தி "டிங்" என்று ஒரு முறை ஒலித்துவிட்டு அடங்கிவிடும். பெட்டியில் அழைப்பு வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பெட்டியின் எண்ணை உங்கள் போனில் ஒரு பெயரிட்டுச் சேமித்து, சத்தம் நிறுத்தியிருந்தாலும் அந்த எண் மட்டும் மணி அடிக்கும்படி வையுங்கள். 5 நிமிஷத்தில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகட்டும். அந்த அடுத்த எண் உங்கள் மனைவியுடையது வேண்டாம். ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற இரண்டு பேரும் கணக்குக்கு ஓர் எண்தான். கடைப் பையன் அல்லது தெருமுனை வீட்டுத் தம்பி எண்ணைக் கொடுங்கள்.

தினமும் காலை 6 மணிக்கு "நலமாக இருக்கிறேன், டிகிரி இவ்வளவு" என்று பெட்டி ஒரு செய்தி அனுப்பட்டும். அது வராத காலையில் டீ குடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சிம் கார்டுக்குப் பணம் கட்ட மறந்திருப்பீர்கள்.